கடிகார எண் ஒட்டிய ஐந்து பெட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் உங்கள் பெயரை எழுதிக் கூப்பிடக் கை வரவில்லை. அதனால் இந்த ‘உங்களுக்கு’ என்பதையே பெயராக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நலம். மாமாவும் நலம், அதாவது உங்கள் அப்பா எதையும் குறை சொல்லும் அளவுக்கு நலம். குழாய் பதிக்கும் முகாமில் மறுபடியும் அதே மேல் கட்டில்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் ஐந்து மாதம்தானே, ஏறி இறங்குங்கள். காலுக்கு நல்லது.

போனில் எல்லாவற்றையும் சொல்ல முடிவதில்லை. வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் இருமுவது எனக்கே கேட்கிறது. அவர் இருமினால் உங்கள் குரல் அவசரப்படுகிறது, உங்கள் குரல் அவசரப்பட்டால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. எழுதினால் நிதானமாகத் திட்டலாம்.

முதலில் தேனீ விஷயம். ஐந்து பெட்டியும் நீங்கள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கின்றன. துணிக்கொடிக்கும் பின்சுவருக்கும் நடுவில், வாசல் கிழக்கே பார்த்து. நீங்கள் எழுதிக் கொடுத்த பதினோரு குறிப்பையும் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். எண்ணெய் எடுக்கத் திறந்தால் நீங்கள் பேசுகிறீர்கள். “வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பெட்டியைத் திறக்காதே” என்பது முதல் குறிப்பு. முதல் வாரத்தில் நான் நான்கு முறை திறந்தேன். கோபப்படாதீர்கள். ராணி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன், பார்த்தது ராணிதானா என்று ஒருமுறை பார்த்தேன், மற்ற இரண்டும் சும்மா.

தலைக்கு ஒரு வலைக்குல்லாய் தைத்துக்கொண்டேன். பழைய கொசுவலை, உங்கள் வைக்கோல் தொப்பி, கழுத்தில் எலாஸ்டிக். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள், என் தொப்பியில் ஒரு விரல் அகலத்துக்குத் தையலை விட்டிருக்கிறேன். ஒரு தேனீ அந்த வழியாக உள்ளே வந்து மூக்கு நுனியில் உட்கார்ந்து கொட்டிவிட்டது. யார் என்றே தெரியாத அளவுக்கு முகம் வீங்கிப்போனது. மாமா என்னைப் பார்த்து, இந்த முகத்துக்கு எந்த அளவில் தொப்பி தைப்பாய் என்று கேட்டார். நீங்கள் வெளிநாடு போன இந்த ஆறு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் பஸ் ஏறிய அன்றைக்கு மாலையே, பெட்டிகளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, “எல்லாம் செத்துப்போகும், பாரு” என்றார். மறுநாளும் உட்கார்ந்தார், அதையே சொன்னார். நான்காம் நாள், வாட்ச் கடையை மூடியபோது கொண்டுவந்தாரே, அந்த உடைந்த சுவர்க் கடிகாரம், அதன் பித்தளை எண்களைத் திருகு கழற்றி எடுத்து ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கிறார். ஒன்றாம் பெட்டிக்கு ஒன்று, இரண்டாம் பெட்டிக்கு இரண்டு. எதற்கு மாமா என்றேன். எது செத்தது என்று சொல்வதற்கு வசதியாக என்றார். மிச்ச எண்களை எறிந்துவிடட்டுமா என்று கேட்டேன். பிறகு பார்த்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

இப்போது வாட்ச் பழுது பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, வாசலில் இறங்கும் தேனீயின் காலில் என்ன நிற மகரந்தம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார். காலையில் மஞ்சள், மதியம் ஆரஞ்சு என்று எனக்கு அறிக்கை வருகிறது.

பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்குத்தான் மனக்குறை. அவளுடைய வெள்ளை உடுப்பு காய்கிற இடத்தில் தேனீக்கள் மஞ்சள் புள்ளி வைத்துவிடுகின்றனவாம். உங்கள் தேனீ என் மேல் கக்கூஸ் போகிறது, இதைப் போட்டுக்கொண்டு நான் வார்டுக்குப் போவதா என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். கறை போக எது போட்டு அலச வேண்டும் என்று நான் சொன்னேன். முதல் பாட்டில் தேன் உனக்குத்தான் என்றும் சொல்லிவைத்தேன். பாதி சமாதானம்.

தேன் பிழியும் டிரம்மைச் சின்ன அறையில்தான் வைத்திருக்கிறேன். வேறு இடமில்லை. பிள்ளைக்கென்று ஒதுக்கி, ஆறு வருஷம் சும்மா கிடந்த அறைதானே. போர்வை போட்டு மூடியிருக்கிறேன். கதவைத் திறந்தால் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பழகிவிடும்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னீர்களே, சூரியகாந்தி பூத்து முடியும்போது இந்த ஐந்தும் நின்றால் மூன்றாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன், திரும்பி வந்துவிடுவேன் என்று. அதை நீங்கள் சும்மா சொன்னீர்களோ என்னவோ, நான் சும்மா கேட்கவில்லை. இங்கே உங்கள் வெல்டிங் பட்டறை இனித் திறக்கப்போவதில்லை. என் தையலில் இரண்டு வயிறு நிறையும், மூன்று நிறையாது. அதனால் இந்த ஐந்து பெட்டியை நான் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பற்றவைக்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி


புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இருபத்திரண்டு நாளாக மழை. விட்டு விட்டுக்கூடப் பெய்யவில்லை, ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்றுத்தான் வெயில். இதை வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன், மடியில் தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் கிடக்கின்றன, கிடக்கட்டும்.

உங்கள் அறைத்தோழர் விடுமுறைக்கு வந்தவர் வழியில் இறங்கி, நீங்கள் கொடுத்தனுப்பிய தேன் பாட்டிலைத் தந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். நீங்கள் மேல் கட்டிலில் இருந்துகொண்டு ராத்திரியெல்லாம் தேனீ பற்றியே பேசுகிறீர்கள் என்று புகார் சொன்னார். மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பாட்டிலோடு நீங்கள் வைத்திருந்த துண்டுச்சீட்டில், “நம்முடையது இதைவிட நன்றாக இருக்கும், ருசி பார்த்து வை” என்று இருந்தது. லேபிளில் இருந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. மாமா கண்ணாடியை இடுக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் படித்தார். பிறகு, அதில் ஒரு பூ படம் இருக்கிறது என்று சொன்னார். அது எனக்கும் தெரிந்தது.

நான் ருசி பார்க்கவில்லை. நீங்கள் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து திறக்கலாம் என்று அலமாரியில், உங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆனால் இந்த மழை. தேனீக்கள் வெளியே போக முடியாமல் உள்ளேயே இருந்து, சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்துவிட்டன. மூன்றாம் பெட்டிதான் முதலில் தளர்ந்தது. தூக்கிப் பார்த்தால் காலிப் பெட்டி கனம்தான். உங்கள் ஏழாவது குறிப்பில் இருக்கிற மாதிரி சர்க்கரைப்பாகு காய்ச்சி வைத்தேன். குளிருக்கு அவை அதைத் தொடவே இல்லை. மறுநாள் வாசலில் ஒரு கைப்பிடி செத்துக் கிடந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமா ஸ்டூலை மழைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் செத்துப்போகும் என்று அவர் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. வீட்டில் தேன் இருக்கிறதே. காய்ச்சலில் படுத்திருக்கிற ஆளுக்குச் சர்க்கரைத் தண்ணீரா கொடுப்போம், அவனுக்குப் பிடித்ததைத்தானே கொடுப்போம். பாட்டிலை எடுத்துவந்து திறந்தேன். உங்களிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். மூன்றாம் பெட்டிக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நாலு வீட்டைப் பார்க்க வைப்பதா? ஐந்து டப்பா மூடியிலும் சமமாக, அதே கரண்டியால் அளந்து ஊற்றி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தேன். பத்து நாள் வைத்தேன். பாட்டில் தீர்ந்துபோனது.

கரண்டியை மட்டும் நக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நேற்று வெயில் வந்ததும் ஐந்து பெட்டியிலிருந்தும் புறப்பட்டன பாருங்கள், கொடியில் ஒரு துணி போட முடியவில்லை. மூன்றாம் பெட்டியில் மற்ற எல்லாவற்றையும்விடக் கூட்டம். மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றே பார்த்தார். அவருக்கு முட்டிவலி என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே நான் திறந்து பார்த்தேன், ராணி முட்டை வைத்திருக்கிறது, வரிசை வரிசையாக, மிஷினில் தைத்த மாதிரி. சூரியகாந்தி வயலில் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது என்று நர்ஸம்மா சொன்னாள். அவள் இப்போதெல்லாம் துணியை வீட்டுக்குள் காயப்போடுகிறாள். கேட்காமலே செய்கிறாள்.

நீங்கள் அனுப்பிய தேன் வீணாகவில்லை. நம் ஐந்தின் வயிற்றில்தான் இருக்கிறது. இதை நினைக்கும்போது, நீங்கள் வந்து ஊட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

சின்ன அறையின் ஜன்னல் மழையில் ஊறி வீங்கிவிட்டது, மூடவில்லை. நீங்கள் வந்து இழைத்துவிடுங்கள். அவசரமில்லை, இரண்டரை மாதம் தாங்கும்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி


திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்தை உங்கள் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். இதைப் படித்துக் காட்டாதீர்கள்.

மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஐந்தும் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். அது பொய். பின்னால் நிற்பவர் இருமியதால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில், சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

மறுபடியும் மூன்றாம் பெட்டியில்தான் ஆரம்பித்தது. புழு வளரும் அறைகளின் மேல் மெழுகு மூடி இருக்குமே, லேசாக மேடுகட்டி, ரொட்டி நிறத்தில். அது அங்கங்கே உள்ளே குழிந்து கறுத்துப்போயிருந்தது. சிலவற்றில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை. நான் குளிர் பட்டதால்தான் என்று நினைத்து, வாசலைச் சிறிதாக்கினேன், பெட்டிக்கு மேல் சாக்குப் போட்டேன். அடுத்த வாரம் ஒன்றாம் பெட்டியிலும் அதே குழி. பிறகு ஒரு வாசம். பெட்டியைத் திறந்தால் தச்சன் காய்ச்சும் பழைய வச்சிரப் பசையின் நாற்றம். தேன் பெட்டியில் எப்படி அந்த நாற்றம் வரும்? எதிலோ பல்லி செத்திருக்கிறது என்று தேடினேன்.

மாமாவுக்கு மூக்கு போய்விட்டது, ஆனால் கண் இருக்கிறது. கண்ணாடியை இடுக்கி ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். வாட்ச் முள்ளைத் தூக்கும் அந்த மெல்லிய சாமணத்தால் ஒரு மூடியைத் திறந்து உள்ளே இருந்ததை இழுத்தார். புழு புழுவாக வரவில்லை. காப்பி நிறத்தில் கோந்து மாதிரி, நூலாக நீண்டது. நான் நூலோடு வாழ்கிறவள், அப்படி ஒரு நூலைப் பார்த்ததில்லை. அவர் விடவில்லை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் வராமல், ஒவ்வொன்றாகச் செத்த புழுவைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தார், சுத்தம் செய்தால் ஓடும் என்பது மாதிரி. ஐம்பது வருஷம் அதைத்தானே செய்தார். மறுநாள் அதே அளவு புதிதாகக் கறுத்திருந்தது. அவர் சாமணத்தைத் துடைத்து உறையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

நாம் மூன்று நாள் தேனீ வளர்ப்புப் படித்தோமே, அந்த வகுப்பு நடத்தியவரிடம், மருந்து ஏதாவது உண்டா என்று போன் செய்து கேட்டேன். நான் அந்த நூலைப் பற்றிச் சொன்னேன். பெட்டியை மூடிவிட்டு அரசாங்கத் தேனீ அலுவலருக்குச் சொல்லி அனுப்பும்மா, வேறு எதையும் தொடாதே என்றார். சொல்லி அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறார்கள்.

சூரியகாந்தி மொட்டு விட்டுவிட்டது. இன்னும் சில நாளில் பூக்கும்.

ஒப்பந்தக் காகிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றும், மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வியாழக்கிழமை கழியட்டும். அது வரை அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், வேறெங்காவது வையுங்கள். அதன் மேல் படுத்து எழுந்தால் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி


சனிக்கிழமை, மாலை

அன்புள்ள உங்களுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். முகாமில் நாற்காலி கிடையாது என்று தெரியும், யாருடைய கீழ்க் கட்டிலிலாவது உட்காருங்கள்.

ஐந்து பெட்டியும் போய்விட்டன. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி மிச்சத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை வந்த அலுவலர் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும், ரப்பர் காலணி, குள்ளம், மெல்லப் பேசுகிறவள். முதலில் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தாள். பிறகு மூன்றாம் பெட்டியிலிருந்து ஒரு தேனடைச் சட்டத்தை எடுத்து, குழிந்த மூடி ஒன்றில் தீக்குச்சியைக் குத்தித் திருகி மெதுவாக இழுத்தாள். இரண்டு விரல் நீளத்துக்கு நூல் வந்தது. ஒன்றாம் பெட்டியிலும் வந்தது, நான்காம் பெட்டியிலும் வந்தது. இரண்டிலும் ஐந்திலும் தேடித் தேடித்தான் கிடைத்தது. புழுவை அழுகவைக்கும் தொற்று, மருந்து கொடுத்தாலும் அதன் விதை பெட்டி மரத்துக்குள் நாற்பது வருஷம்கூடக் கிடக்கும், குழி வெட்டி எரிக்க வேண்டும், அரசாங்கச் சட்டமே அப்படித்தான் என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தீக்குச்சியைப் பார்த்தே சொன்னாள்.

இரண்டையும் ஐந்தையும் விட்டுவைக்கலாமா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்று சொல்வதுதான் சரி. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் கேட்டாள், “வெளித்தேன் ஏதாவது குடுத்தீங்களா?”

“மழையில குடுத்தேன்” என்றேன்.

“எந்தப் பெட்டிக்கு?”

“அஞ்சுக்கும். சமமாத்தான் குடுத்தேன்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கு மேல் அந்த இரண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் பெட்டிக்கு மட்டும் ஊற்றியிருந்தால் நான்கு நின்றிருக்குமோ என்னவோ. ஓரவஞ்சனை செய்யத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. அது போய்விட்டது.

பாட்டிலைக் கேட்டாள். கழுவி ஊசி பொத்தான் போட வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எரிக்க வேண்டியவற்றோடு வைத்தாள். தேனிலும் வந்திருக்கலாம், நாம் வாங்கியதில் இரண்டு பழைய பெட்டி இருந்ததே, அதிலும் ஒட்டி வந்திருக்கலாம், இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்றாள். நான் பழைய பெட்டி என்றே முடிவு செய்துகொண்டேன். நீங்களும் அப்படியே முடிவு செய்துகொள்ளுங்கள். இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். நீங்கள் பதினோரு குறிப்பு எழுதிவிட்டுப் போனீர்கள். பன்னிரண்டாவதாக ஒன்று வேண்டும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேருமே புதுசு. தெரியாமல் பாசம் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெளியே சுற்றுவது வேறு கூட்டுக்கு நோயைக் கொண்டுபோகும் என்றாள். அதனால் மாலை வரைக்கும் காத்திருந்தோம். குழியை நானும் அவளும் வெட்டினோம். சுவருக்கு இந்தப் பக்கம் இறங்கி வந்து நர்ஸம்மாவும் வெட்டினாள், டியூட்டிக்குப் போகிற உடுப்போடு. நான்கு மணிக்கு வயலிலிருந்து வர ஆரம்பித்தன. சூரியகாந்தி முதல் பூ விட்டிருக்கிறது போலிருக்கிறது, எல்லாவற்றின் காலிலும் அடர்ந்த மஞ்சள். உழைத்துச் சுமந்துகொண்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் இறங்கும்போது போ, போ, உள்ளே போகாதே என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எல்லாம் போன பிறகு அந்த அம்மா வாசல்களை அடைத்துப் பெட்ரோல் ஊற்றினாள். சத்தம் ஒரு நிமிஷம் பெரிதாகி, பிறகு நின்றது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. நான் வளர்த்தது, நான்தான் கேட்க வேண்டும்.

மாமாவைப் பற்றித்தான் உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பித்தளை எண்களைக் கழற்றிக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, பெட்டியில் ஒட்டியிருந்த எதையும் எடுக்கக் கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். அவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து பெட்டியும் குழிக்குள் இறங்கி நெருப்பு பிடித்ததும் உள்ளே போனார். பிஸ்கட் டப்பாவோடு வந்தார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அதில் இருந்தது, நன்றாகத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். டப்பாவோடு குழியில் போட்டுவிட்டார். எல்லாம் செத்துப்போகும் என்று தினமும் சொன்னவர், அடுத்த வருஷம் ஏழு பெட்டி வைக்க எண் துலக்கி வைத்திருந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்தேன். “அவன் வந்து வைப்பான்னு நெனச்சேன்” என்றார்.

நேற்றுக் காலை, நெருப்பு அணைந்து மண் மூடிய இடத்துக்கு மேலே ஒரு நாற்பது தேனீ சுற்றிக்கொண்டிருந்தன. முந்தின நாள் வயலிலேயே தங்கிவிட்டவையாம். இப்படிச் சில மிஞ்சும், கூடு இல்லாமல் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று அந்த அம்மா சொல்லித்தான் போயிருந்தாள். பெட்டி இருந்த உயரத்திலேயே, வாசல் இருந்த இடத்திலேயே, காற்றில் இறங்கப் பார்க்கின்றன. இறங்க ஒன்றும் இல்லாமல் மறுபடி எழும்புகின்றன. கொடியில் மாட்டியிருந்த கிளிப்பில் கொஞ்சம் உட்கார்ந்தன. காலில் மஞ்சள் அப்படியே இருந்தது. மாமா ஸ்டூலைப் போட்டு எண்ணினார். இன்று காலை பதினோரு தேனீ. இப்போது இதை எழுதும்போது இரண்டு.

நர்ஸம்மா இன்று உடுப்பை வெளியே காயப்போட்டிருக்கிறாள். மதியம் வரை ஒரு புள்ளிகூட விழவில்லை. சுவரோரம் வந்து ஒரு பிளாஸ்க் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

தேன் பிழியும் டிரம் ஒரு சொட்டுத் தேனும் பார்க்காதது, அதனால் எரிக்க வேண்டாம் என்று சொன்னாள் அந்த அம்மா. பெட்டி விற்றவரே திரும்ப எடுத்துக்கொண்டார். சின்ன அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டேன். மறுபடியும் காலியாக இருக்கிறது. ஜன்னல்தான் மூடவில்லை. நீங்கள் இழைக்க வர வேண்டாம், நான் ஒரு துணி திணித்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தின் மூன்று வருஷமும் முடியும்போது எனக்கு நாற்பத்திரண்டு ஆகும். சும்மா சொன்னேன். அந்த அறைக்கு அப்புறம் நாம் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். தையல் அறை என்று வைக்கலாம், வெளிச்சம் நன்றாக வருகிறது.

உங்களை வரச் சொல்லத்தான் எனக்கு ஆசை. பொய் சொல்லவில்லை. வந்து பட்டினி கிடந்தாலும் சேர்ந்து கிடப்போம் என்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நேற்று மாமாவின் கண் மருந்துக்கு ஆன பில்லைப் பார்த்தேன். நீங்கள் வந்து இங்கே எதில் இறங்குவீர்கள்? காற்றில் இறங்க முடியாது. அதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வெயிலில் தலையில் ஈரத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பற்றவைக்காதீர்கள். எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருங்கள். நான் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான். இங்கே வாசல் இருந்த இடத்திலேயே இருக்கும், நான் அதை எதற்கும் விடமாட்டேன்.

ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போடும்போது என்னை நினைக்காதீர்கள். நினைத்தால் போடமாட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி